வெளியே நிற்பவர்களுக்கு ஒரு குறிப்பு

"எங்க ஊட்டுக்கு யாரோ செய்வினை வெச்சிருக்காங்கம்மா" என்றாள் சரசு.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச் சந்து. ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது வினோதினியின் துப்பறியும் நிறுவனம். படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் செய்வினையில்தான் ஆரம்பிப்பார்கள். மீதிப் பாதி, பார்த்திருக்கிற மாப்பிள்ளை குடிப்பானா என்று விசாரிக்க வருகிறவர்கள். இரண்டு தரப்புக்கும் வினோதினி ஒரே முகத்தைத்தான் காட்டுவாள். முப்பத்தெட்டு வயதில் அதற்கு மேல் முகங்கள் தேவைப்படவில்லை.

"செய்வினைன்னா அது வேற டிபார்ட்மென்ட்மா" என்றார் உதவியாளர் சக்கரபாணி. "எங்களுக்குக் கை கால் இருக்கிற ஆளு வேணும். அப்போதான் பிடிக்க முடியும்."

சக்கரபாணி அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும். வாய் இன்னும் சர்வீசில் இருந்தது.

சரசுவுக்குச் சிரிப்பு வரவில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை விளைவித்த குடும்பம். ஐந்து வருஷத்துக்கு முன் ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டை ஒட்டி ஒரு வீடு கட்டி, மாடியில் மூன்று அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விட ஆரம்பித்தாள். பக்கத்தில் அவள் கணவர் தருமன் உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து அவர் பேசியது ஒரே ஒரு வார்த்தை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம்."

"ஆடி மாசத்துலேருந்து புது ஆளு ஒருத்தர்கூட வரல" என்றாள் சரசு. "பழைய ஆளுங்க ரெண்டு பேரு வந்தாங்க, போனாங்க. அவ்ளோதான். தீபத்துக்குக்கூட யாரும் கேக்கலம்மா."

வினோதினி நிமிர்ந்தாள். கார்த்திகை தீபத்துக்கு இந்த ஊரில் மாட்டுக் கொட்டகையைக் கழுவி விட்டால்கூட ஆள் வந்துவிடும். ஐப்பசி பாதி கடந்த பிறகும் சுத்தமான மூன்று அறைகளை யாருமே கேட்கவில்லை என்றால், அதில் நிச்சயம் ஒரு மனிதக் கை இருக்கிறது.

"வர்ற வெள்ளிக்கிழமை சிமெண்ட் குடோன்காரர் அக்ரிமெண்ட்டோட வர்றாரு" என்று தொடர்ந்தாள் சரசு. "ஒம்பது வருஷத்துக்கு ஊட்ட குடோனுக்கு விடறதுன்னு இவரு சொல்லிட்டாரு. அதுக்குள்ள ஒரே ஒரு புது ஆளாவது ரூம் கேட்டு வரணும். இல்லன்னா கையெழுத்து போட்டுடறேன்னு நானும் ஒத்துக்கிட்டேன். அப்பால இன்னா, காலம்பூரா சிமெண்ட் மூட்டைக்குக் காவல் இருக்க வேண்டியதுதான்."

வயலில் மற்றவர்கள் சொன்ன வேலையைச் செய்து வளர்ந்தவளுக்கு, அந்த மூன்று அறைகள்தான் அவளே யோசித்து, அவளே நடத்திய முதல் வேலை. இப்போது புதன்கிழமை காலை. இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"ஆளுங்க உங்களை எப்படித் தெரிஞ்சிக்கிறாங்க அக்கா?"

சரசு போனை நீட்டினாள். 'மலையோரம்' என்ற இணையதளம். செங்கம் ரோட்டு ஆட்களே சேர்ந்து நடத்துவது. அறை வேண்டுமா, ஆட்டோ வேண்டுமா, காணாமல் போன பசுவைக் கண்டுபிடிக்க வேண்டுமா, எல்லாம் அதில் உண்டு. தளத்தில் சரசுவின் வீட்டுக்கான பக்கத்தில் படங்கள் பளிச்சென்று இருந்தன. படங்களுக்குக் கீழே, தங்கிப் போனவர்களின் பாராட்டு நாற்பத்தொன்று. ஒருவர் சரசுவின் ரசத்தைப் பற்றி மட்டும் பதினாறு வரி எழுதியிருந்தார்.

"இதுல ஒரு குறையும் இல்லியே" என்றாள் வினோதினி.

"அதான்மா சொல்றேன், செய்வினை."

"எதிர்த்தாப்ல யாராவது ரூம் விடறாங்களா?"

"ராமண்ணன். அவருக்கு மட்டும் புல்லா இருக்குது" என்றாள் சரசு. சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். தருமன் ஜன்னல் வழியாகக் கலெக்டர் ஆபீசைப் பார்த்தார். நல்ல கட்டடம்தான், ஆனால் அவ்வளவு நேரம் பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

அவர்கள் போனதும் வினோதினி முதல் வேலையாகத் தன் போன் நம்பரைக் கொடுத்து 'மலையோரம்' தளத்தில் உறுப்பினரானாள். விசாரணைக்கு உள்ளே போய்ப் பார்ப்பதுதான் முறை என்பது அவள் எண்ணம். அன்றைக்கு அவள் செய்த பெரிய தவறு அதுதான். அது அவளுக்குத் தெரிய நான்கு மணி நேரம் ஆயிற்று.

"நீங்களும் சேருங்க பாணி அண்ணா."

"நான் எதுலயும் சேர மாட்டேன் மேடம். ஒரு தடவை ஒரு துணிக்கடையில நம்பர் குடுத்தேன். என் பொறந்த நாளுக்கு என் சம்சாரம்கூட வாழ்த்தல, அவங்க வாழ்த்தறாங்க. ஊட்ல ஒரே சண்டை."

மத்தியானம் இருவரும் சரசுவின் வீட்டுக்குப் போனார்கள். மாடியில் இரண்டு அறைகள் துடைத்து வைத்தது போல இருந்தன. முதல் அறை பூட்டியிருந்தது.

"சாவி எங்கியோ வெச்சிட்டேன்" என்றார் தருமன். அன்றைய கணக்கில் அது ஒரு சொற்பொழிவு.

"எங்க அத்தை இருந்த ரூம்மா அது" என்றாள் சரசு. "அதான் இவரோட அம்மா. படி ஏற முடியலன்னாலும் மாடிலதான் இருப்பேன்னு தூக்கிட்டு வரச் சொன்னாங்க. ஆனி மாசம் தவறிட்டாங்க. கடைசி ஒன்றரை மாசம் நானும் இவரும் தவிர யாரும் உள்ள போகல. வேற ஆளைப் பார்த்தா அவங்களுக்குக் கூச்சம். சரி, இங்க வாங்க, பாத்ரூம் ஹீட்டரைப் பாருங்க, புதுசு."

ஹீட்டருக்கு அவ்வளவு அவசரமாக ஓடிய சரசுவை வினோதினி ஒரு கணம் கவனித்தாள். வீட்டைச் சுற்றி வந்ததில் எலுமிச்சம்பழமோ, முட்டையோ, வேறு செய்வினைச் சாமானோ எதுவும் அகப்படவில்லை. சக்கரபாணிக்கு ஒரு முருங்கைக்காய் அகப்பட்டது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

எதிரே ராமன் இல்லம். கீழே காபிக் கடை, மேலே ஆறு அறைகள். துப்பறிகிறவர்கள் உட்கார்ந்து வேவு பார்க்க இதைவிட வசதியான இடம் கிடையாது, காபியும் வந்துவிடும். கல்லாவில் ராமன் இருந்தார். அறுபது வயது, நெற்றி நிறைய விபூதி, வருகிறவர்கள் எல்லோரையும் நாலு மொழியில் வரவேற்கிற வாய்.

கால் மணியில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதுகில் பையோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள். சரசுவின் வீட்டைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ராமன் இல்லத்துப் பக்கம் வந்தார்கள்.

"பார்த்தீங்களா" என்றாள் வினோதினி. "அந்த வீட்டைப் பார்த்துட்டு மெதுவா பேசறாங்க."

சக்கரபாணி எழுந்து போனார். திருப்பதி ரூட்டில் ஒன்பது வருஷம் ஓடியதில் அவருக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. இரண்டு நிமிஷம் பேசினார். அந்தப் பெண்களில் ஒருத்தி நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டினாள். திரும்பி வந்தவரின் முகத்தில் வழக்கமான கிண்டல் இல்லை.

"ஐதராபாத் பொண்ணுங்க மேடம். எதிர் வீட்ல ரூம் இருக்கே, ஏன் போகலன்னு கேட்டேன். 'பாவம், அந்த வீட்ல போய் எப்படிக் கேக்கறது, நாங்க என்ன மனுஷங்க இல்லியா'ன்னு என்னையே திட்டுதுங்க. எல்லாம் அந்த மலையோரத்துலயே போட்டிருக்காம்."

வினோதினி தன் போனில் சரசுவின் பக்கத்தைத் திறந்தாள். படங்கள். நாற்பத்தொரு பாராட்டு. ரசம்.

"ஒண்ணுமே இல்லியே."

சக்கரபாணி தன் போனில் அதே பக்கத்தைத் திறந்தார். பார்த்துவிட்டு மெதுவாக மேஜை மேல் வைத்து அவள் பக்கம் தள்ளினார். அதே பக்கம்தான். ஆனால் படங்கள் இல்லை, பாராட்டு இல்லை, போன் நம்பர் இல்லை. நடுவில் ஒரு கட்டத்துக்குள் தமிழிலும் அதன் கீழே ஆங்கிலத்திலும் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது.

'இது துக்க வீடு. இந்த வீட்டில் ஒரு தாய் காலமானார். ஐப்பசி மாதம் முடியும்வரை இவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். முதல் அறையில் கட்டிலைத் திருப்பிப் போட்டால் மலை உச்சி தெரியும். அவர் கடைசிவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்குவதற்கு எதிரிலேயே ராமன் இல்லம் இருக்கிறது. குறிப்பு எழுதியவர்: ராமன்.'

"பஸ்ஸுக்குள்ள ஏறி உக்காந்தவனுக்கு முன்னாடி போர்டுல இன்னா எழுதிருக்குன்னு தெரியாது மேடம்" என்றார் சக்கரபாணி. "வெளிய நிக்கிறவனுக்குத்தான் தெரியும். நீங்க ஏறிட்டீங்க. நான் இன்னும் ஸ்டாப்புலயே நிக்கறேன்."

வினோதினிக்கு வெட்கமாக இருந்தது. தளத்தின் விதிமுறைகளை அவள் காலையில் மேலோட்டமாகப் பார்த்தாள், இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட்டாள். இப்போது நிதானமாகப் படித்தாள். முன்பெல்லாம் உறுப்பினர் அல்லாதவர்களுக்கு 'பதிவு செய்து உள்ளே வரவும்' என்ற ஒரு வரிதான் தெரியுமாம். பூட்டிய கேட்டைப் பார்த்ததுபோல எல்லோரும் திரும்பிப் போனார்கள். அதனால் பெயர் சொல்லாமல் வந்து எட்டிப் பார்க்கிறவர்களுக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று உதவியாக ஒரு குறிப்பு காட்டலாம் என்று கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். முதல் வாரமே வம்பு வந்தது. அவரவர் வீட்டுக்கு அவரவரே குறிப்பு எழுதியதில், செங்கம் ரோட்டில் முப்பத்தாறு வீடுகள் உலகத்திலேயே சிறந்த தங்குமிடம் ஆகிவிட்டன. மறுபடியும் கூட்டம். தன் வீட்டுக்குத் தானே எழுதக்கூடாது, எதிர் வீட்டுக்காரர்தான் எழுத வேண்டும் என்று விதி வந்தது. எதிர் வீட்டுக்காரன் பொய்யாகப் புகழ மாட்டான் என்பது கூட்டத்தின் நம்பிக்கை. அதில் தவறில்லை. எதிர் வீட்டுக்காரனும் அறைதான் விடுகிறான் என்பதைக் கூட்டம் யோசிக்கவில்லை.

உறுப்பினர்கள் யாரும் ஒரு தடவைகூட வெளியே வந்து பார்த்ததில்லை. எல்லோர் போனிலும் தளம் எப்போதும் உள்ளேயே திறந்து கிடந்தது. சரசுவின் நாற்பத்தொரு பாராட்டும் உள்ளே இருப்பவர்கள் உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டது.

"கேஸ் முடிஞ்சுது" என்றார் சக்கரபாணி. "பேரோட எழுதி, விலாசமும் போட்டிருக்காரு. இவ்ளோ நாணயமான திருடனை நான் பார்த்ததே இல்ல."

ராமனைக் கூப்பிட்டார்கள். குறிப்பைக் காட்டியதும் அவர் விபூதியில் வியர்வை இறங்கியது.

"ஆனி மாசம் அந்தம்மா தவறினப்போ நான்தான் போட்டேன்மா. நம்ம ஆளுங்க எல்லாருக்கும் விஷயம் தெரியும், சாவுக்கே வந்தாங்க. வெளியூர் ஆளுக்கு இன்னா தெரியும்? பொணம் கிடக்கறப்போ பையைத் தூக்கிட்டு வந்து வெந்நீர் வருமான்னு கேப்பான். அதுக்காகத்தான் போட்டேன். அப்பால எடுக்க மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"சத்தியமா."

"மறந்துபோன குறிப்புக்கு ஐப்பசி பொறந்தது எப்படித் தெரிஞ்சுது?"

ராமன் விபூதி கலைய நெற்றியைத் துடைத்தார். வரவேற்புக்கு வைத்திருந்த நாலு மொழியில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

"ஆனியில எழுதினது ஆனியிலயே நின்னிருக்கணும்" என்றாள் வினோதினி. "ஆடி, ஆவணி, புரட்டாசின்னு யாரோ மாசாமாசம் மாத்திக்கிட்டே வந்திருக்காங்க."

"பாஸ் புதுப்பிக்கற மாதிரி" என்றார் சக்கரபாணி.

ராமனின் கண்கள் எதிர் வீட்டு மாடிக்குப் போய்த் திரும்பின. வினோதினி குறிப்பை மறுபடியும் படித்தாள். ஏதோ ஒன்று பொருந்தவில்லை. பொறாமைக்காரன் எழுதினால் துக்க வீடு, வராதே, என் வீட்டுக்கு வா என்று மூன்று வரியில் முடித்திருப்பான். நடுவில் ஒரு கட்டில் எதற்கு?

"ராமண்ணா, நீங்க அந்த முதல் ரூமுக்குள்ள போயிருக்கீங்களா?"

"இல்லம்மா. அந்தம்மாவுக்கு வேற ஆளைப் பார்த்தாலே ஆகாது."

"அப்போ கட்டிலைத் திருப்பிப் போட்டா மலை உச்சி தெரியும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

ராமன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சக்கரபாணிகூட முருங்கைக்காயை மேஜை மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"முதல் வரியும் கடைசி வரியும் மட்டும்தான்மா என்னுது" என்றார் ராமன். "மத்ததெல்லாம் தருமன் சொல்லச் சொல்ல எழுதினேன்."

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் குறிப்பை எடுத்துவிடலாம் என்றுதான் ராமன் இருந்தாராம். தருமன் காபி குடிக்க வந்தார். இந்த மாதம் மட்டும் இருக்கட்டும் என்றார். அடுத்த மாதப் பிறப்பிலும் வந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு வரி சேர்த்தார். மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

"எனக்கும் ஆதாயம்தான், இல்லன்னு சொல்லல" என்றார் ராமன். "ஆனா ஒரு மனுஷன் கண்ணு கலங்கி வந்து நிக்கறப்போ எப்படி முடியாதுன்றது? ரெண்டும் சேர்ந்துக்கிச்சு. சரசும்மா எனக்கு எழுதின குறிப்பைப் பாருங்க, இந்த ரோட்லயே நல்ல காபி இங்கதான்னு எழுதிருக்குது. அதை நினைக்கறப்போல்லாம் எனக்குத் தூக்கமே வராது."

தூக்கம் வராத மனிதருக்கு ஆறு அறையும் நிறைந்திருந்தது. நல்லது செய்வதும் லாபம் பார்ப்பதும் ஒரே வேலையாக அமைந்துவிட்டால் ராமனைப் போன்றவர்கள் அதை லேசில் விட மாட்டார்கள். ஆனால் வினோதினிக்கு இப்போது ராமன் மேல் கோபம் வரவில்லை. காலையில் அலுவலகத்தில் செய்வினை, செய்வினை என்று மனைவி புலம்பியபோது பக்கத்திலேயே உட்கார்ந்து கலெக்டர் ஆபீசைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரைத்தான் நினைத்தாள்.

"கட்சிக்காரரே கூட்டிட்டு வந்த குற்றவாளி" என்றார் சக்கரபாணி. "டிக்கெட் இல்லாத பயணிய செக்கரே பக்கத்துல உக்கார வெச்சிட்டு வந்த மாதிரி. இப்போ யார்கிட்ட இன்னா சொல்லப் போறீங்க?"

"ஒண்ணும் சொல்லப் போறதில்ல. படிக்கட்டும்."

சரசு கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தருமன் வாசல் பக்கம் ஒரு குழாயின் மறையைத் திருகிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே நன்றாக இருந்த குழாய்.

"உங்க போனைக் குடுங்க அக்கா. இந்தத் தளத்துலேருந்து உங்களை லாக்அவுட் பண்ணணும்."

"ஐயோ, வேணாம்மா. பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. வெளிய வந்துட்டா அப்பால உள்ள போக முடியாது."

"போக வேணாம். கொஞ்ச நேரம் வெளியாளா நின்னு பாருங்க."

குழாயில் ரென்ச் நின்றுவிட்டது. வினோதினி லாக்அவுட் செய்து நீட்டிய போனைச் சரசு வாங்கிப் படித்தாள். உதடுகள் அசைந்தன. துக்க வீடு என்ற இடத்தில் முகம் சிவந்தது. எதிர் வீட்டைத் திட்டத்தான் போகிறாள் என்று வினோதினி நினைத்தாள். கட்டில் வந்த இடத்தில் உதடு நின்றது. அவள் எதிர் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வாசலைப் பார்த்தாள்.

"இது ராமண்ணன் எழுதினது இல்ல" என்றாள். "கட்டிலைத் திருப்பிப் போட்டது யாருங்க?"

தருமன் ரென்ச்சைக் கீழே வைத்தார். "நீதான்."

"நானேதான். படுத்தா மலை தெரியலன்னு அத்தை சொன்னாங்க. நீங்க வயலுக்குப் போயிருந்தீங்க. தனியா இழுத்துத் திருப்பினேன், இடுப்பு புடிச்சிக்கிச்சி. அவங்க மலையைப் பார்த்துட்டு என் கையைப் புடிச்சாங்க. அதையும் எழுதிருக்கலாமில்ல?"

"கையைப் புடிச்சது எனக்குத் தெரியாது" என்றார் தருமன். "நீ சொல்லல."

"நீங்க கேக்கல."

சக்கரபாணி கீரைக் கட்டை எடுத்து ஆய ஆரம்பித்தார். பேசாமல் இருக்க அவருக்குக் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"பதினாறு முடிஞ்ச மறுநாளே நீ அந்தப் படுக்கையில புது பெட்ஷீட் போட்ட" என்றார் தருமன். தரையைப் பார்த்தே பேசினார். "யாரோ ஒருத்தன் வந்து அதுல படுத்து மலையைப் பார்ப்பான். அது எனக்குத் தாங்காது சரசு. சிமெண்ட் மூட்டைன்னா பரவால்ல. அது ஒண்ணும் பார்க்காது."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீ அழுவ. இல்லன்னா அழாம இருப்ப. ரெண்டையும் என்னால பார்க்க முடியாது."

சரசுவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. ஏமாற்றப்பட்ட வலி அவளுக்கு இருந்தது, அதைவிட அதிகமாகத் தள்ளி வைக்கப்பட்ட வலி இருந்தது. துக்கத்தை நினைக்காமல் இருக்கத்தான் அவள் பெட்ஷீட்டுக்கும் ஹீட்டருக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். அந்த ஓட்டத்தைப் பார்த்து அவள் மறந்துவிட்டாள் என்று இந்த மனிதர் நினைத்திருக்கிறார்.

"ஐதராபாத்காரிக்குத் தெரியுது. ஜெர்மன்காரனுக்குத் தெரியுது" என்றாள். "பேரு ஊரு தெரியாத அத்தனை பேருக்கும் எங்க ஊட்டுக்காரர் மனசுல இன்னா இருக்குன்னு தெரிஞ்சிருக்கு. இருபத்தேழு வருஷமா கூட இருக்கறவளுக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னு உள்ள உக்கார வெச்சிருக்காரு."

தருமன் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

சரசு எழுந்தாள். புடவையை உதறிக்கொண்டு தெருவைத் தாண்டி ராமன் கடைக்கு நேராக நடந்தாள். பின்னால் வினோதினியும் சக்கரபாணியும் ஓட வேண்டியிருந்தது. ராமன் கல்லாவிலிருந்து எழுந்து நின்றார்.

"உக்காருங்க ராமண்ணா. எதிர் வீட்டுக்காரர்தானே எழுதணும், நான் சொல்றேன், எழுதுங்க."

ராமன் எழுதினார். இரண்டு தடவை அழித்து எழுதினார்.

'மூன்று அறையில் இரண்டு காலியாக இருக்கிறது. முதல் அறை எங்கள் அத்தையுடையது, அதை விடுவதில்லை. துக்கம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் வரலாம். சாப்பாடு உண்டு. வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர்களிடம் பேச வராது. வருகிறவர்கள் அவரிடம் அவருடைய அம்மாவைப் பற்றி ஒரு தடவை கேளுங்கள்.'

"கடைசில அந்த ராமன் இல்லம்..." என்று இழுத்தார் ராமன்.

"அதை எடுத்துடுங்க" என்றாள் சரசு.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சக்கரபாணி முருங்கைக்காயை மடியில் உருட்டிக்கொண்டே வந்தார். கலெக்டர் ஆபீஸ் தெரிந்ததும்தான் வாயைத் திறந்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள யாரும் வரலன்னா?"

"வாக்கு குடுத்திருக்காங்க. கையெழுத்து போட்டுடுவாங்க" என்றாள் வினோதினி. சொல்லிவிட்டு, சரசுவின் நம்பர் போனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். இந்தத் தொழிலில் கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்துவிடும் என்றுதான் வழக்கமாக அவள் சொல்லுவாள்.

வியாழன் முழுவதும் போன் வரவில்லை. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு இருவரும் செங்கம் ரோட்டில் இறங்கியபோது குடோன்காரரின் கார் வாசலிலேயே நின்றிருந்தது.

கூடத்தில் குடோன்காரர் மடியில் அக்ரிமெண்ட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் காலியான இரண்டு காபி டம்ளர்கள், கையில் மூன்றாவது. சரசு சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். தருமன் அங்கே இல்லை.

மாடியிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. தருமனின் குரல்தான். ஆனால் அது நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. வினோதினி படியில் நாலு எட்டு ஏறிப் பார்த்தாள். பூட்டியிருந்த முதல் அறை திறந்திருந்தது. வாசற்படிக்கு இந்தப் பக்கம், உள்ளே போகாமல், ஒரு பை முதுகிலேயே தொங்க யாரோ ஒரு மனிதர் நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் பாதிதான் புரிந்தது என்பது தலையாட்டலிலேயே தெரிந்தது. தருமன் கையை நீட்டி ஜன்னலைக் காட்டினார், கட்டிலைக் காட்டினார். தன் மனைவி தனியாக அந்தக் கட்டிலை இழுத்த விதத்தை நடித்துக் காட்டினார்.

குடோன்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில் அக்ரிமெண்ட்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "அவரு இன்னிக்கு முடிப்பாருன்னு தோணலம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

கார் கிளம்பிய சத்தம் ஓய்ந்ததும் வினோதினி சரசுவின் அருகில் போனாள்.

"யாரு அக்கா வந்திருக்கறது? பேரு என்ன?"

சரசு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாடியைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

"இன்னும் கேக்கலம்மா. பேரைக் கேட்டுட்டா தெரிஞ்ச ஆளாயிடுவாரு. இவரு பேசி முடிக்கட்டும்."